காத்து காணுமா? – சைக்கிள் டயருக்குச் சரியான காற்று எவ்வளவு?

படிப்புக்கோ கடை வேலைக்கோ யாழ்ப்பாணம் போகும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலில் குழப்பம் தரும் சொற்களில் ஒன்று "காணும்". சைக்கிள் கடைக்காரர் டியூபுக்குக் காற்றடித்தபடியே நிமிர்ந்து பார்த்து, "தம்பி, காத்து காணுமோ?" என்று கேட்பார். நம் பிள்ளை திகைத்துப்போய், "இப்பத்தானே அண்ணே அடிச்சீங்க, அதுக்குள்ள எப்படிக் காணாம போகும்?" என்று திருப்பிக் கேட்கும். அந்த ஊரில் "காணும்" என்றால் "போதும்" என்று பொருள். கடைக்காரர் கேட்டது, "காற்று போதுமா?" என்றுதான்.

இதைச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. சைக்கிள் வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அதற்குப் பதில் தெரியும்? ஒரு சிலர், "கல்லு மாதிரி அடிங்க" என்பார்கள். வேறு சிலர், "இன்னும் ரெண்டு நாளைக்கு ஓடும், பாத்துக்கலாம்" என்பார்கள். முதலாவது உடம்புக்குக் கெடுதல். இரண்டாவது உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் சரியான அளவு ஒன்று உண்டு. அது ஆளுக்கு ஆள், பாரத்துக்குப் பாரம் மாறும். அதை நீங்களே வீட்டில் கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

யாழ்ப்பாணத்தை ஏன் இழுக்கிறோம்?

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த தட்டையான நிலம். மலையும் இல்லை, ஏற்றமும் இல்லை. அதனால் சைக்கிள் அங்கே வெகு காலத்துக்கு முன்பே வீட்டுச் சாமானாகிவிட்டது. பள்ளிக்கூடம், சந்தை, தோட்டம், கோயில் எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சைக்கிள் விட்டுப் போவதற்கென்றே இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

1990 ஜூன் மாதம் யுத்தம் மறுபடி தொடங்கியதும் நிலைமை இன்னும் இறுகியது. மின்சாரம் நின்றது. பெற்றோல் கிடைக்கவில்லை. ஒரு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி அந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டதால் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்தார்கள். டயர், டியூப், உதிரிப் பாகம் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஆகவே ஒரு டியூபைக் காப்பாற்றுவது குடும்பத்தைக் காப்பாற்றுவது போல ஆயிற்று.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் வெளியேற வேண்டி வந்தது. செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போகும் வீதியில், மழையில், இரவு முழுக்க நகர்ந்தார்கள். பலருக்குக் கையில் இருந்த ஒரே வாகனம் சைக்கிள். அதன் கரியரில் மூட்டை, பாரில் பிள்ளை. அப்படிப் பாரம் ஏற்றிய சைக்கிளில் காற்று இறங்கினால் என்ன பாடு என்பதை அந்த இரவு நடந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது யாழ்ப்பாணத்திலும் மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்டன. ஆனாலும் 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடி வந்து, பெற்றோல் செட்டுகளில் வரிசை நீண்டபோது, நாடு முழுவதும் ஆட்கள் மறுபடி சைக்கிளைத் தேடினார்கள். மூலையில் கிடந்த சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். ஆக, இந்தப் பாடம் நமக்கும் வேண்டியதுதான்.

காற்று என்ன வேலை செய்கிறது?

டயருக்குள் காற்று அடைக்கும் வழக்கம் பரவியது 1888ஆம் ஆண்டுக்குப் பிறகு. பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கட்டி இறப்பர்ச் சக்கரத்தில் குலுங்குவதைப் பார்த்து, இறப்பர்க் குழாய்க்குள் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினார். (அவருக்கு 40 வருடங்களுக்கு முன்பே ரொபர்ட் தொம்சன் என்பவர் இதே யோசனைக்கு உரிமம் பெற்றிருந்தார். ஆனால் அது பரவவில்லை.) ஆக, காற்று டயர் பிறந்ததே ஒரு பிள்ளையின் சவாரி சுகமாக இருக்கட்டும் என்றுதான்.

உங்கள் பாரத்தைத் தாங்குவது டயரின் இறப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று அளக்கிறோம். கடைகளில் இதைத்தான் "பி.எஸ்.ஐ." என்பார்கள். "காத்து நாப்பது" என்று சொன்னால், ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் உள்ளே இருக்கும் காற்று 40 இறாத்தல் பலத்தோடு தள்ளுகிறது என்று பொருள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பின்சக்கரத்தின் மேல் 120 இறாத்தல் பாரம், அதாவது ஏறக்குறைய 55 கிலோ, என்று வையுங்கள். காற்று 40 என்றால், டயர் தரையில் சுமார் 3 சதுர அங்குலம் பதியும். காற்று 20க்கு இறங்கிவிட்டால் அதே பாரத்தைத் தாங்க 6 சதுர அங்குலம் பதிய வேண்டும். டயர் அவ்வளவு சப்பளிந்து போகிறது. மிதிக்கக் கால் வலிக்கிறது, டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து வெடிக்கிறது.

குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

காற்று குறைந்த டயர் ஒரு கல்லிலோ குழி விளிம்பிலோ மோதும்போது, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்தது போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை, "எப்படித்தான் பஞ்சராச்சோ" என்று வியப்போம். காரணம் நம் அலட்சியம்தான். அது மட்டுமல்ல. காற்று குறைந்த டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகரும். அப்போது வால்வு சாய்ந்து, அடியோடு பிய்ந்து போகும். எல்லாவற்றிலும் ஆபத்தானது முன்சக்கரத்தில் காற்றில்லாமல் இறக்கத்தில் இறங்குவது. வளைவில் ஹாண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது.

காற்று அளவுக்கு மிஞ்சினாலும் கெடுதல்தான். சின்னக் கல்லுக்கும் சக்கரம் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் டயர் தரையைத் தொடாது, தொடாத டயருக்குப் பிரேக் பிடிக்காது. முதுகும் மணிக்கட்டும் நோகும். "கல்லு மாதிரி அடிச்சா வேகமாப் போகும்" என்பது வழவழப்பான தார் ரோட்டுக்கு ஓரளவு பொருந்தும். கரடுமுரடான ரோட்டில் நீங்கள் மிதிக்கும் பலம் சைக்கிளை மேலும் கீழும் குலுக்குவதிலேயே செலவாகிவிடும்.

டயரில் எழுதியிருக்கும் எண்

டயரின் பக்கச் சுவரைத் துடைத்துப் பாருங்கள். அளவும், காற்றழுத்த எண்ணும் அச்சிட்டிருக்கும். சில டயர்களில் கிலோபஸ்கால் கணக்கில் இருக்கும். 100 கிலோபஸ்கால் என்றால் 14½ இறாத்தல், 350 என்றால் ஏறக்குறைய 50 இறாத்தல்.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். "ஆகக்கூடியது இவ்வளவு" என்று அங்கே போட்டிருக்கும் எண் எல்லை. அதைத் தாண்டக் கூடாது. ஆனால் எல்லோரும் அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. 45 கிலோ பிள்ளை ஓட்டும் சைக்கிளுக்கும், 80 கிலோ ஆள் அரிசி மூட்டையோடு ஓட்டும் சைக்கிளுக்கும் ஒரே டயர் இருக்கலாம். ஒரே காற்று எப்படிப் பொருந்தும்?

பென்சில் கணக்கு

வால்டியூப் போட்ட பழைய மாதிரி வால்வில் காற்று அளக்கும் கேஜ் சரியாக வேலை செய்யாது. யாழ்ப்பாணத்தில் "வால்கட்டை" என்பது இதைத்தான். கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதையும் நம்ப முடியாது. தடித்த டயரில் 30ம் 50ம் விரலுக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். அதனால் இந்த முறையைச் செய்து பாருங்கள்.

பிராங்க் பேர்ட்டோ என்ற அமெரிக்கர் சைக்கிள் டயர்களை அளந்து பார்த்துச் சொன்ன வழி இது: ஆள் ஏறி உட்காரும்போது டயர் தன் உயரத்தில் நூற்றுக்கு 15 பங்கு அமுங்க வேண்டும். அதுவே சுகத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவான அளவு.

1. சைக்கிளைச் சீமெந்துத் தரையில் நிமிர்த்தி நிறுத்துங்கள். தரையிலிருந்து ரிம்மின் கீழ் விளிம்பு வரை அடிமட்டத்தால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

2. சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். வழக்கமாகக் கொண்டுபோகும் சுமையும் கரியரில் இருக்கட்டும். வேறொருவர் அதே இடத்தில் மறுபடி அளக்கட்டும்.

3. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் டயர் அமுங்கிய அளவு. ஒன்றரை அங்குலத் தடித்த டயருக்கு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், அதாவது ஒரு பென்சிலின் பருமனுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றே முக்கால் அரைக்கால் அங்குலம் முதல் 2 அங்குலம் வரையுள்ள மௌன்டன் பைக் டயருக்கு 7 மில்லிமீற்றர் அளவில் இருக்கலாம்.

4. அதைவிட அதிகமாக அமுங்கினால் காற்று போதாது, அடியுங்கள். குறைவாக அமுங்கினால் கொஞ்சம் இறக்குங்கள். எப்படியானாலும் டயரில் உள்ள எல்லை எண்ணைத் தாண்ட வேண்டாம்.

5. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். நம் பாரத்தில் பெரும்பங்கு பின்னாலேதான் விழுகிறது. ஆகவே பின்னால் காற்று கூடவும் முன்னால் சற்றுக் குறைவாகவும் இருப்பதே சரி. 60 கிலோ ஆள், ஒன்றரை அங்குல டயர் என்றால் முன்னுக்கு 35, பின்னுக்கு 45 என்று தொடங்கலாம்.

ஒரு தடவை சரியான அளவு பிடிபட்டதும், டயரை எப்படி நெளிந்து நிற்கிறது என்று கண்ணால் பழகிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு முறை அந்த நிலைக்கு வர உங்கள் கைப்பம்பால் எத்தனை அடி அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்த வாரமும் அதே எண்ணிக்கை என்றால் நல்லது. திடீரென்று கூட அடிக்க வேண்டி வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. வால்வில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால்டியூபை மாற்றுங்கள். வராவிட்டால் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள்.

பிள்ளையை ஏற்றும்போது

இது தகப்பன்மாரும் தாய்மாரும் கவனிக்க வேண்டிய இடம். மேலே சொன்ன கணக்கில் பின்சக்கரத்தின் பாரம் 120 இறாத்தல். பள்ளிக்குப் போகும் 25 கிலோ பிள்ளை கரியரில் ஏறினால் அது 175 இறாத்தலாகிறது. அந்தப் பிள்ளையின் எடை முழுவதும் பின்சக்கரத்தில்தான். அன்று காலை பின்டயருக்கு எல்லை எண் வரை காற்று அடிப்பது சரி. அப்படி அடித்தும் டயர் ஒரு பென்சில் பருமனுக்கு மேல் அமுங்கத்தான் செய்யும். அதனால் மெதுவாகப் போங்கள், குழியைச் சுற்றிப் போங்கள்.

"அப்ப இன்னும் பத்து கூட்டி அடிச்சிட்டா சரியாகிடுமே" என்று நினைக்காதீர்கள். எல்லை 50 என்று போட்ட டயருக்கு 60 அடித்தால், பழைய டயர் வெயிலில் நின்ற இடத்திலேயே வெடிக்கலாம். பாரம் கூடிப்போனால் அதைக் காற்றால் ஈடுகட்ட முடியாது. பாரத்தைத்தான் குறைக்க வேண்டும். ஒரு பிள்ளை ஏறினால் அரிசி மூட்டை அடுத்த நடையில் வரட்டும்.

பெற்றோல் செட்டில் உள்ள கொம்பிரசரில் சைக்கிளுக்குக் காற்றடிப்பதும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. சைக்கிள் டியூபில் இடம் கொஞ்சம், கொம்பிரசரில் வேகம் அதிகம். கண் மூடித் திறப்பதற்குள் டியூப் வெடித்துவிடும். கைப்பம்பே நல்லது.

வெயிலும் குளிரும், கடலும் மலையும்

யாழ்ப்பாணத்தில் வெயிலில் சைக்கிளை விட்டால் கறுப்பு டயர் நன்றாகக் காயும். காலையில் 30 பாகை சூட்டில் 50 அடித்த டயர் 60 பாகைக்குச் சூடானால் காற்று 56 வரை ஏறும். அதனால்தான் வேப்ப மர நிழல் தேடிச் சைக்கிளை விடுவது நல்லது. அங்கே இன்னொரு எதிரி நெருஞ்சி முள். ஒழுங்கைக்குள் போய் வந்ததும் டயரைச் சுற்றிப் பார்த்து முள்ளைப் பிடுங்கிவிட வேண்டும். உடனே உள்ளே இறங்காத முள், பத்து நாளில் இறங்கிவிடும்.

"யாழ்ப்பாணத்தில காத்தடிச்ச சைக்கிளை நுவரெலியாவுக்குக் கொண்டு வந்தா காத்து என்ன ஆகும்?" என்று கேட்கலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே டயரில் உள்ள காற்று சுமார் 3 இறாத்தல் கூடியது போல் காட்டும். ஆனால் குளிரில் காற்று சுருங்கும். 30 பாகையிலிருந்து 16 பாகைக்கு வந்தால் 40 இறாத்தல் காற்றில் ஏறக்குறைய 2½ இறாத்தல் குறையும். ஒன்று கூட்ட, மற்றது கழிக்க, பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. ஆகவே உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது நம் தோட்ட ரோட்டைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் சமதரை. நமக்கோ கல் பெயர்ந்த ரோடு, வளைவு, செங்குத்தான இறக்கம். இறங்கும்போது பிரேக் பிடித்தால் பாரம் முன்சக்கரத்துக்குத் தாவும். ஆகவே முன்டயரைச் சமதரைக்காரர் வைப்பதைவிட இரண்டு மூன்று இறாத்தல் கூட வைத்திருங்கள். லயத்திலிருந்து இறங்குவதற்கு முன் முன்டயரை ஒரு முறை அமுக்கிப் பாருங்கள், பிரேக்கை ஒரு முறை பிடித்துப் பாருங்கள். அரை நிமிட வேலை.

ஓட்டை இல்லாமலே காற்று இறங்குமா?

இறங்கும். இயற்கை இறப்பரில் கண்ணுக்குத் தெரியாத வழியாகக் காற்று மெல்ல மெல்லக் கசியும். 1937இல் அமெரிக்காவில் பியூட்டைல் என்ற செயற்கை இறப்பரைக் கண்டுபிடித்தார்கள். அதில் காற்று வெகு குறைவாகவே கசியும். உங்கள் டியூப் எதுவானாலும் மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டால் காற்று இறங்கித்தான் இருக்கும்.

ஆனால் டயருக்கு இன்றும் இயற்கை இறப்பர் தேவை. 1876ஆம் ஆண்டு இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 இறப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்து கம்பஹா ஹெனரத்கொடவில் நடப்பட்டன. அதன் பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் எழும்பிப் பால் வெட்டியவர்களில் நம் பாட்டன் பாட்டிமாரும் உண்டு. அந்தக் கைகளின் உழைப்பும் சேர்ந்ததுதான் டயர். அதைக் காற்றில்லாமல் ஓட்டி ஆறு மாதத்தில் கிழிப்பது நம் கூலியை நாமே கிழிப்பது போல.

மோட்டார் சைக்கிள், ஆட்டோ வைத்திருப்போருக்கு

உங்களுக்கு வேலை சுலபம். வண்டிக்குரிய காற்றளவு செயின் கவரிலோ, கைநூலிலோ எழுதியிருக்கும். தனியாக ஓட்டும்போது ஓர் அளவு, பின்னால் ஆள் ஏறினால் பின்டயருக்கு இன்னோர் அளவு. சிறிய மோட்டார் சைக்கிள் பலவற்றில் முன்னுக்கு 25, பின்னுக்கு 28 அளவிலும், ஆள் ஏறினால் பின்னுக்கு 30க்கு மேலும் சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டியில் உள்ளதையே பின்பற்றுங்கள். காலையில், ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

டயர் தேய்வதே ஒரு சாட்சி. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. பக்கச் சுவரில் வெடிப்பு விழுந்து நூல் தெரிந்தால், ஒட்டுப் போட்டு ஓட்டும் காலம் முடிந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும்.

முடிவாக

டயர் வாங்கக் காசு வேண்டும். டியூப் வாங்கவும் காசு வேண்டும். காற்றுக்குக் காசில்லை, ஒரு பம்பும் வாரத்தில் பத்து நிமிடமும் இருந்தால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை வாசலுக்கு எடுங்கள். பிள்ளையிடம் அடிமட்டத்தைக் கொடுங்கள், நீங்கள் ஏறி உட்காருங்கள். அளப்பது எப்படி என்று பிள்ளையும் பழகட்டும். அதன் பிறகு எந்த ஊர்க் கடைக்காரர் "காத்து காணுமோ?" என்று கேட்டாலும், "முன்னுக்குக் காணும் அண்ணே, பின்னுக்கு இன்னும் அஞ்சு அடி அடிங்க" என்று தெளிவாகச் சொல்லலாம்.